நாலாம் பொத்தான்

ரிசீவரைக் கீழே வைத்ததும் போன் ஒரே ஒரு தடவை, அதுவும் அரைகுறையாக, அடித்து நின்றது.

போன் என்றால் அடிக்கத்தான் செய்யும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் போனை மாட்டியிருந்த கேட்வே பெட்டி இப்போதுதான் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்திருந்தது. மேஜைப் போன்களை இன்டர்நெட்டோடு கோத்துவிடுகிற பெட்டி அது. அதற்கு இன்டர்நெட் கேபிளே இன்னும் மாட்டவில்லை. கேபிள், பெட்டியை மாட்ட வந்த அதிகாரியின் முழங்காலுக்குப் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அரைகுறை மணிக்கு என்ன அர்த்தம் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. யாரையாவது ஹோல்டில் போட்டுவிட்டு, மறந்துபோய் ரிசீவரை வைத்துவிட்டால், ஒருத்தர் காத்திருக்கிறார் என்று பெட்டி ஞாபகப்படுத்தும் மணி அது.

அவர் யாரையும் ஹோல்டில் போடவில்லை. போடுவதற்கு மறுமுனை என்று ஒன்றே இல்லை.

“பொறக்கும்போதே கோளாறு,” என்று முகத்தைச் சுளித்தார். பெட்டியைச் செய்தவன் முட்டாள், விற்றவன் திருடன், வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட மேனேஜர் இரண்டும். அவருடைய உலகத்தில் இந்த இரண்டு வகைக்குள் அடங்காத மனிதர் ஒரே ஒருவர்தான். அவரைத் தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்துவிடுவார்.

அலுவலகத்தில் முகத்துக்கு முன்னால் அவர் ‘சார்’. முதுகுக்குப் பின்னால் ‘கத்தரிக்கோல்’. வாட்டர் ஹீட்டர் விற்கும் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன்களுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. ஆள் பற்றாத நாட்களில் அவரும் போனை எடுப்பார், எடுத்த வேகத்தில் நறுக்கென்று வெட்டிவிடுவார். மனிதர்களைப் பிடிக்காதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டிருக்கும் மனிதர்களிடம் அவருக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. என்ன செய்வது, புகார்ப் பிரிவுக்குப் போன் செய்கிறவர்கள் எல்லோரும் பேசினார்கள். சுவிட்சைப் போட மறந்துவிட்டு ஹீட்டர் சுடவில்லை என்றார்கள். சுட்டால் ஐயோ சுடுகிறதே என்றார்கள். அழுதார்கள் வேறு.

இப்படிப்பட்டவர்களுக்கென்றே அவர் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். பழைய கேட்வேயிலும் புதியதிலும் ஏற்பாடு ஒன்றுதான். பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கூப்பிட்டால் காதில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ரிசீவர் உட்காரும் கொக்கியை ஒரு தட்டுத் தட்டி ஒன்றை அழுத்தினால் பேசிக்கொண்டிருப்பவர் போய்விடுவார், புதியவர் வருவார். இரண்டை அழுத்தினால் ஒருவர் ஹோல்டில் நிற்க மற்றவரிடம் பேசலாம், மாறி மாறி. மூன்றை அழுத்தினால் மூவரும் சேர்ந்து பேசலாம். நாலை அழுத்தினால் நீங்கள் கழன்றுகொள்வீர்கள். மற்ற இருவரும் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொள்வார்கள்.

கத்தரிக்கோலுக்குப் பிடித்தது நாலு. எரிச்சலூட்டும் ஆசாமிகள் இரண்டு பேர் ஒரே சமயத்தில் லைனில் மாட்டினால் தட்டு, நாலு, தீர்ந்தது. எதிரில் பேசுவதுதான் கம்பெனி என்று நினைத்து அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு கிடப்பார்கள், இவர் டீ குடிக்கப் போய்விடுவார். பிரிவில் இதற்குக் ‘கல்யாணம் பண்ணி வைப்பது’ என்று பெயர். பார்க்காமலே, யோசிக்காமலே அவருடைய கட்டைவிரல் அந்த வேலையைச் செய்யும். எத்தனை ஜோடிகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார், அவர்கள் என்ன ஆனார்கள் என்றெல்லாம் அவரிடம் கேட்டால் சிரிப்பார். காதில் வாங்கியிருந்தால்தானே ஞாபகம் இருக்க.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியான வெயில் வெளியே கொளுத்திக்கொண்டிருந்தது, ஆனால் கீழ்த்தளத்து இயந்திர அறைக்கு வெயிலும் தெரியாது மழையும் தெரியாது. ஜன்னல் இல்லாத அறை. கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரியில் இயந்திரங்கள் அடுக்காக உட்கார்ந்து, சின்னச் சின்ன விசிறிகளால் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. திங்கட்கிழமை காலையில் புதுப் பெட்டி ஓட வேண்டும். தனக்குக் கீழே வேலை செய்யும் பையன்களிடம் ஒரு ஸ்க்ரூவைக்கூட நம்பிக் கொடுக்க அவருக்கு மனசு வராது, அதனால் தானே வந்திருந்தார்.

வந்திருக்கக் கூடாது. மகளுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் அங்கிருந்தே போனில் கெஞ்சினாள்.

“என்னங்க, பாப்பாவைத் தனியா விட்டுட்டு எங்கயும் போயிடாதீங்க. ஜுரம் எறங்கவே இல்லைங்கறா.”

“ஜுரம் வந்தா செத்தா போயிடுவா? ஒரு எட்டுப் போயிட்டு வந்துடுவேன். நீ உங்க அக்காகூட உக்காந்து ஊர்க்கதை பேசு.”

மகளுக்குப் பக்கத்தில் மாத்திரையும் தண்ணீரும் வைத்துவிட்டு, கீழ்த்தளத்தில் செல்போனுக்கு சிக்னல் கிடைக்காது, ஏதாவது என்றால் ஆபீஸ் நம்பருக்கு அடி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். அவள் போர்வைக்குள்ளிருந்து தலையை ஆட்டினாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற பெண். இன்னும் ஒரு போனை வைக்கத் தெரியாது. மனை வாங்குகிறீர்களா என்று கேட்கும் விற்பனைக்காரியிடம் போய், குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். “ஆண்டவன் உனக்குக் காதை மட்டும் வெச்சான், மூளையை வெக்க மறந்துட்டான்” என்று அவர் சொன்னால் அதற்கும் சிரிப்பாள். அவள்மேல் அவருக்கு உயிர். ஆனாலும் இளக்காரம் இளக்காரம்தான்.

கேபிளை எடுத்துச் செருகினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஆபீஸ் நம்பர் புதுப் பெட்டிக்கு வந்துவிட்டது. இனி மகள் கூப்பிட்டால் இந்தப் போன்தான் அடிக்கும். ரிசீவரை எடுத்து டயல்டோன் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. வைத்தார்.

அரைகுறையாக ஒரு மணி.

எடுத்தார். டயல்டோன் இல்லை. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில், மூடிய அறைக்குள் மட்டும் கேட்கிற ஒரு கனத்த அமைதி. அந்த அமைதிக்கு அடியில் ஏதோ ஒன்று கொதிப்பதற்கு முன்னால் முனகுவதுபோல முனகிக்கொண்டிருந்தது.

“சார்?” என்றது ஒரு பெண்குரல். மரியாதையான, நடுத்தர வயதுக் குரல். “வந்துட்டீங்களா சார்? போயிட்டீங்களோன்னு நெனச்சேன்.”

“யாரும்மா அது?”

“நீங்கதான் சார் லைன்ல இருக்கச் சொன்னீங்க. பாட்டு போட்டீங்க. அப்புறம் பாட்டும் நின்னு போச்சு. நான் வைக்கலை சார். வெச்சா மறுபடியும் முதல்லேருந்து சொல்லணுமேன்னு.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் இப்படியும் ஒரு ஜென்மம். “இன்னிக்கு லீவும்மா. நாளைக்கு அடிங்க,” என்று சொல்லி வைத்தார்.

அரைகுறையாக ஒரு மணி.

“ஹீட்டர் சுவிட்சை அணைச்சுட்டேன் சார். அணைச்சும் கொதிக்குது.”

வைத்தார். மணி. எடுத்து, காதில் வைக்காமலே, ரிசீவரை ஓங்கி அதன் இடத்தில் அறைந்தார். மணி. பெட்டியின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். அவருடைய அத்தனை படிப்புக்கும் அதுதான் கடைசி வித்தை. மணி. பல்லைக் கடித்துக்கொண்டு கேபிளை உருவி எடுத்தார். பச்சை விளக்கு அணைந்தது. இப்போது அந்தப் போனுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று.

அரைகுறையாக ஒரு மணி.

மெதுவாக, ஏதோ சுடும் பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி, ரிசீவரை எடுத்தார்.

“உள்ளதான் சார் இருக்கேன்,” என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். “பாத்ரூம் கதவுக் கைப்பிடி சுடுது. தொட முடியலை. கண்ணாடி, செவுரு, எதுவும் தெரியலை சார், ஒரே ஆவி. நீங்க ஒரு நிமிஷம்னு சொன்னீங்க.”

ரிசீவரை மேஜைமேல் போட்டுவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பெட்டியின் மின்சாரத்தை அணைத்துவிட வேண்டியதுதான். கை சுவிட்சு வரைக்கும் போனது, அங்கேயே நின்றது. அணைத்துவிட்டால் மகள் கூப்பிட்டால்? பழைய பெட்டியைக் கழற்றி மூலையில் போட்டாகிவிட்டது. அவளுக்கு இருப்பது இந்த ஒரு நம்பர்தான், இந்த ஒரு போன்தான்.

ஒரு வாசனை வந்தது. ஈரச் சோப்பு. அதற்குப் பின்னாலேயே, காய்ந்துபோன இரும்பு சுடுகிற வாசனை. எங்காவது வயர் கருகுகிறதா என்று அலமாரியை நோக்கித் திரும்பினார். கண்ணாடிக் கதவு உள்பக்கமாகப் புகை படிந்து வெளுத்திருந்தது. புகை இல்லை, ஆவி. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியின் உள்ளே ஒரு துளி திரண்டு, கனத்து, கோடு கிழித்துக்கொண்டு கீழே இறங்கியது.

எழுந்தார். நடந்துதான் போனார், ஓடினால் பயந்ததாக ஆகிவிடுமாம், அந்த ஆளில்லாக் கட்டடத்தில் யார் பார்க்கப் போகிறார்களோ. படிக்கட்டின் திருப்பத்தில் செல்போனுக்கு லேசாக சிக்னல் வந்தது. மகளைக் கூப்பிட்டார். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று ஒரு குரல் தேனொழுகச் சொன்னது. மறுபடி அடித்தார். அதே தேன்.

யாரிடம் பேசுகிறாள்? யாரிடமும் இல்லை. ஆபீஸுக்கு அடித்துக்கொண்டிருக்கிறாள். கேபிளை உருவிப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

இந்த முறை ஓடினார். படி தவறி, கைப்பிடிக் கம்பியில் விலாவை இடித்துக்கொண்டு, அறைக்குள் விழாத குறையாக நுழைந்து கேபிளைச் செருகினார். செருகும்போது இரண்டு தடவை தப்பியது. மேஜையில் கிடந்த ரிசீவருக்குள் அந்தப் பெண் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவர் இல்லாதபோதும் நிறுத்தவில்லை போலிருக்கிறது. காதில் வைத்தார். அவள் பேச்சுக்கு அடியில், மெல்ல, ‘டிக்’. கொஞ்சம் விட்டு, ‘டிக்’.

மகள்.

இவளைத் துண்டித்தால் திரும்பி வந்துவிடுவாள், ஹோல்டில் போட்டால்தான் சும்மா கிடப்பாள் என்று அவருடைய மூளை கணக்குப் போட்டது. கொக்கியைத் தட்டி இரண்டை அழுத்தினார்.

“அப்பா?”

“பாப்பா! சொல்லும்மா.”

“எவ்ளோ நேரமா அடிக்கிறேன்ப்பா. ஜுரம் ஜாஸ்தி ஆயிடுச்சு. நிக்க முடியலை, தலை சுத்துது. எப்ப வரீங்க?”

“வந்துட்டேன்மா. இதோ கெளம்பிட்டேன். படுத்துக்கோ, எழுந்து நடக்காதே. போனை வை.”

அவள் வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, காய்ச்சல் மூச்சு. பிறகு, “அப்பா, பின்னாடி யாரு?” என்றாள்.

“யாரும் இல்லை.”

“யாரோ ஒரு அம்மா பேசறாங்களே. அழற மாதிரி இருக்கு.”

ஹோல்டில் இருப்பவர் பேசுவது லைனில் இருப்பவருக்குக் கேட்காது. கேட்கவே கேட்காது. அதை அவர் இருநூறு தடவை பாடம் எடுத்திருக்கிறார்.

“உனக்கு ஜுரம்டி. அப்படித்தான் ஏதாவது கேக்கும். வைன்னா வை!”

“பாவம்ப்பா. முதல்ல அவங்ககிட்ட பேசிடுங்க. நான் இருக்கேன்.”

வாழ்க்கையில் ஒரு தடவையாவது இந்தப் பெண் சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு போனை வைத்திருக்கிறாளா? பயத்தோடு பயமாக அவருக்கு எரிச்சலும் பொங்கியது. சரி, அந்தச் சனியனை ஒரேயடியாகத் தொலைத்துக் கட்டிவிட்டு வருகிறேன். “ஒரு நிமிஷம் லைன்ல இரு,” என்றார். தன் வாயில் அந்த வார்த்தை வந்ததை அவர் கவனிக்கவில்லை. தட்டு. இரண்டு.

சொட்டு. சொட்டு. முனகல் இப்போது முனகலாக இல்லை, தளபுளவென்று கொதித்தது. ரிசீவர் காதில் வெதுவெதுப்பாக இருந்தது. அதன் துளைகளிலிருந்து ஈரம் கசிந்து அவருடைய கன்னத்தில் வழிந்தது.

“என்னதான்டி வேணும் உனக்கு?” என்று கத்தினார்.

“ஒண்ணும் வேணாம் சார்.” அதே மரியாதை. “முழுசாச் சொல்லணும், அவ்வளவுதான். உங்களுக்கு நேரம் இல்லைன்னா வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. கேக்கறவங்க யாராவது.”

தட்டு.

கட்டைவிரல் போய் அழுத்தியது. பார்க்காமல். யோசிக்காமல்.

க்ளிக்.

சொட்டு நின்றது. கொதிப்பு நின்றது. காதில் சுத்தமான, தட்டையான, அழகான டயல்டோன். அவருக்கு உலகத்திலேயே மிகவும் பிடித்த சத்தம் அது, ஆளே இல்லாத சத்தம். கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். அப்பாடா. ஒழிந்தது. இரைச்சலோடு விசிறிகள் ஓடின. சோப்பு வாசனைகூடக் காணோம்.

பிறகு கண்ணைத் திறந்தார்.

கட்டைவிரல் இன்னும் பொத்தானின்மேல் இருந்தது. அழுத்த நினைத்த ஒன்று இல்லை.

நாலு.

“இல்லை,” என்றார் சத்தமாக. கொக்கியைத் தட்டினார். டயல்டோன். மறுபடி தட்டினார். டயல்டோன். மகளின் நம்பரை அடித்தார். வேறொரு அழைப்பில் இருக்கிறார். பெட்டியைப் பிடுங்கினார். கேபிள், மின்சாரம், எல்லாம். சுவரோடு வந்த கம்பி உட்பட. செத்த பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு படியேறினார். எங்கோ நடுவில் அது கீழே விழுந்து உருண்டது. செல்போனில் மறுபடி அடித்தார்.

வேறொரு அழைப்பில் இருக்கிறார்.

தெருவில் வெள்ளை வெயில். கார்க் கதவு சுட்டது. முதல் சிக்னலில் அடித்தார். வேறொரு அழைப்பில். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். பாலத்தின்மேல் அடித்தார். வேறொரு அழைப்பில். வெச்சுடு பாப்பா. வெச்சுடு. ஒரே ஒரு தடவை அப்பா பேச்சைக் கேளு. ஜுரத்தில் தூங்கியிருப்பாள், போன் பக்கத்தில் திறந்தபடி கிடக்கும், வேறு ஒன்றும் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை அவரே நம்பவில்லை. கடைசித் தெருவில் அடித்தார்.

வேறொரு அழைப்பில்.

வீட்டுக் கதவில் சாவியைப் போடும்போது பூட்டு வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் படாத கதவு அது.

உள்ளே, சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். போன் காதில் இருந்தது. தலை லேசாகச் சாய்ந்து, ஆடி ஆடி, எதிர்முனைக்கு இசைந்துகொண்டிருந்தது. தலைமுடி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாற்காலியைச் சுற்றித் தரையெல்லாம் தண்ணீர். செருப்பைத் தாண்டி அவர் காலை அது சுட்டது.

“ம்,” என்றாள். “சொல்லுங்கம்மா. ம்.”

“பாப்பா.”

அவள் திரும்பவில்லை. அவர் பாய்ந்து போய் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். எதிர்க்கவே இல்லை, சுலபமாக வந்துவிட்டது. சுவரில் எறிந்தார். உடைந்து, மூடி ஒரு பக்கமும் பாட்டரி ஒரு பக்கமும் ஓடின.

அவளுடைய கை இறங்கவில்லை. காதுக்குப் பக்கத்தில், எதையோ பிடித்த வாக்கில் விரல்கள் வளைந்து, நடுவில் வெறும் காற்றோடு அப்படியே இருந்தது.

“இருக்கேன்மா,” என்றாள். “எங்கயும் போகலை. நீங்க சொல்லுங்க.”

அந்த வெறும் கைக்குப் பக்கத்தில் அவர் காதைக் கொண்டுபோனார். உள்ளே அந்தக் குரல் போய்க்கொண்டிருந்தது, மரியாதையாக, மூச்சுவிடக்கூட இடைவெளி விடாமல். அதற்குப் பின்னால் இன்னொரு குரல் காத்திருந்தது. அதற்கும் பின்னால் இன்னும் நிறையப் பேர், பெரிய கூடத்தில் வரிசையில் நிற்பவர்களைப் போல, தங்கள் முறை வருவதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்கள்.

கத்தரிக்கோல் அந்தச் சுடுதண்ணீரிலேயே மண்டியிட்டார். “என்கிட்ட குடு,” என்றார். “பாப்பா, கண்ணு, அப்பாகிட்ட குடும்மா. நான் கேக்கறேன். அம்மா, தாயே, என்கிட்ட சொல்லுங்க, நான் கேக்கறேன், எல்லாத்தையும் கேக்கறேன்.”

மகள் அவர் பக்கம் பார்த்தாள். யாராவது முக்கியமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது குழந்தை வந்து புடவையை இழுத்தால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. மற்றொரு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு விரலைக் காட்டினாள். அந்த விரலின் தோல் ஊறி, வெளுத்து, கையுறை மாதிரித் தளர்ந்து தொங்கியது. பிறகு தொந்தரவு இல்லாமல் கேட்பதற்காக நாற்காலியிலேயே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ம்,” என்றாள். “ஆமாம்மா. அப்புறம்?”

ஜன்னல் வழியாக விழுந்த மத்தியான வெயிலில், அவளுடைய தோளிலிருந்தும் கழுத்திலிருந்தும் ஆவி எழும்பி மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது.